மெஷின் ஓடும்போது சொன்னது

கொஞ்சம் தள்ளியே உக்காருங்க. வேற ஒண்ணும் இல்லீங்க, உங்க பேண்ட்டு கறுப்பு, என் மேல பூரா மாவு. தட்டித் தட்டிப் பாத்துட்டேன், இந்தக் கோட்டுத் துணியில ஒட்டுனா போகவே மாட்டேங்குது. பழனி பஸ் ஸ்டாண்டுக் குழாயில தண்ணி தொட்டுத் துடைச்சேன். அது பசையாப் போயி இன்னும் மோசமாயிருச்சு.

இந்த வெயில்ல எதுக்குடா இந்த மனுசன் கோட்டுப் போட்டுட்டு டவுன் பஸ்ஸு கணக்கா இடிபட்டுட்டு வர்றான்னு பாக்கறீங்க. பாக்கத்தான் செய்வீங்க. ஒரு மரியாதைக்குப் போட்டதுங்க. யாரோட மரியாதைக்குன்னு கேட்டீங்கன்னா எனக்கு இப்பச் சொல்லத் தெரியல.

கோயமுத்தூருங்களா? நானும் அங்கதானுங்க. அப்ப ரெண்டு பேருமே கடைசி வரைக்கும் போறம். எம்பேரு சென்னியப்பன். கம்பெனிப் பேரு வேண்டாமுங்க, சரவணம்பட்டிக்கு அந்தப் பக்கம், சிப்பு சம்பந்தப்பட்டது. அதுல நான் பேக்கேஜிங் ஹெட். அட்டைப்பெட்டி ஒட்டறது இல்லீங்க, எல்லாரும் அதைத்தான் நினைக்கறாங்க. எங்க மாமனார் சாகற வரைக்கும் அதைத்தான் நினைச்சுட்டு இருந்தாரு.

உங்க செல்போனுக்குள்ள சிப்பு இருக்குதுல்லீங்க? இப்பெல்லாம் அது ஒரே துண்டு கெடையாது. கணக்குப் போடறது ஒரு துண்டு, ஞாபகம் வெச்சுக்கறது ஒரு துண்டு, இப்படிப் பல துண்டு. அதுகளையெல்லாம் ஒரே தட்டுல உக்கார வெச்சு, ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் போய்ச் சேர்ற மாதிரி செம்புல வழி போட்டுக் குடுக்கறது நாங்க. தலைமுடியை விட மெல்லிசான வழிங்க, ஒரு தட்டுல ஆயிரக்கணக்குல ஓடும். துண்டுகளைப் பேச வெக்கறதுதான் எங்க பொழப்பு. ஆனா கம்பெனியை நடத்தற அஞ்சு பேரு மட்டும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க மாட்டோம். இதை நான் சொல்லலீங்க. கேண்டீன்ல பசங்க சொல்லிச் சிரிச்சது என் காதுல விழுந்துச்சு.

அஞ்சு பேருன்னா யாருன்னு கேக்கறீங்களா? அதாங்க, லீடர்ஷிப் டீம். எம்.டி. திருவேங்கடம் ஒருத்தரு, அவருதான் ஆரம்பிச்சவரு. அப்புறம் நானு. கணக்குப் பாக்கறவர் ஒருத்தரு, ஆளுங்களைப் பாக்கற மேடம் ஒருத்தங்க. அப்புறம் டிசைன் ஹெட்டு, ஜோஷ்வா. இந்த ஜோஷ்வா அமெரிக்காவுல இருந்துட்டு வந்தவரு. வந்தாருங்க. வந்த மறு மாசமே எங்க வெப்சைட்டுல போட்டோ வரிசை மாறிப் போச்சு.

சின்ன விஷயந்தானுங்க. ஒத்துக்கறேன். ஆனா கேளுங்க. அஞ்சு பேரையும் கையைக் கட்டிட்டு நிக்கச் சொல்லி போட்டோ எடுத்து, பேரு, பதவி எல்லாம் எழுதி, கீழ “ஒரே குழு, ஒரே பொறுப்பு”ன்னு ஒரு வரி போட்டு வெச்சிருப்பாங்க. அதுல எம்.டி.க்கு அடுத்த போட்டோ என்னுது. ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான். ஒரு நாள் திறந்து பாக்கறேன், நான் இருந்த எடத்துல ஜோஷ்வா பல்லைக் காட்டிட்டு நிக்கறாரு, நான் கீழ் வரிசையில நாலாவதா கெடக்கறேன். எங்க சம்பந்தி திருப்பூர்ல இருந்து போன் பண்ணி, “என்னங்க சம்பந்தி, எறக்கி விட்டுட்டாங்களா?”ன்னு கேக்கறாரு. சிரிச்சுட்டேதான் கேட்டாரு. எம்பொண்ணு அந்த வீட்டுல வாழ்ந்துட்டு இருக்குதுங்க. எனக்கு எப்படி இருக்கும்?

அன்னிக்கு நிறுத்துனதுதான், ஜோஷ்வாகிட்டப் பேச்சு. அவரும் பேசல. அவருக்கு என்ன, என்னமோ நான் அவரை முதல் நாளே கேண்டீன்ல மதிக்கலைன்னு ஒரு கோவமாம். சரி, பேச வேண்டாம். மெயில் போடலாமில்ல? போட மாட்டாரு. போட்டா அவரு எனக்குப் பதில் சொல்ற மாதிரி ஆயிருமாம். நானும் போட மாட்டேன். அப்புறம் எப்படி வேலை நடந்துச்சுங்கறீங்க? அங்கதான் அந்தப் பொண்ணு வருது.

கோகிலவாணி. என் செக்‌ஷன் பொண்ணுதானுங்க, இஞ்சினியரு. காலேஜ் முடிச்ச கையோட எங்கிட்ட வந்து சேந்துச்சு. நல்ல பொண்ணு, அதிர்ந்து பேசாது. அவங்க டிசைன்ல வரைஞ்ச படத்தை வாங்கிட்டு வந்து எங்கிட்டக் குடுக்கும். நான் சொல்றதைப் போயி அங்க சொல்லும். “சார் இப்படிச் சொல்லச் சொன்னாருங்க சார்.” நாள் பூராம் இதேதான். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அது நடந்து நடந்து தேஞ்சிருக்கும். அப்ப எனக்கு அது தோணலீங்க, வேலை நடக்குதுல்ல, அதுதான் தெரிஞ்சுது.

உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க. சோசியம் இல்லீங்க, காட்டுங்க. வலது கை. மலத்தி வைங்க. கட்டை விரல் எந்தப் பக்கம் இருக்குது? வெளிப்பக்கம். இப்பக் கவுத்துங்க. உள்பக்கம் வந்துருச்சுங்களா? அவ்வளவுதானுங்க எங்க தொழில்ல இருக்கற கண்டமே. சிப்புத் துண்டைத் தட்டுல கவுத்துத்தான் வெக்கணும். ஆனா வரையறவங்க மலத்தி வெச்சுப் பாத்து வரைவாங்க. அதனால படத்தை ஒரு தடவை திருப்பணும். திருப்பாம விட்டாலும் போச்சு, ரெண்டு தடவை திருப்பிட்டாலும் போச்சு. இடது வலதா, வலது இடதா மாறி, ஒரு கம்பி கூட அது அது எடத்துல உக்காராது.

ஜோஷ்வா எப்பவும் மலத்தித்தான் குடுப்பாரு. என் செக்‌ஷன்லதான் திருப்புவோம். அது அவங்க செய்ய வேண்டிய வேலைங்க, நியாயமாப் பாத்தா. நான் எத்தனையோ மீட்டிங்குல சொல்லியிருக்கேன். கேக்கலை. போகட்டும்னு நாங்களே திருப்பிக்கறது.

இந்தத் தடவை வந்தது பெரிய ஆர்டருங்க. ஜப்பான்காரங்க. இது நல்லாப் போச்சுன்னா அடுத்து வருசக் கணக்குல வேலை. போகலைன்னா கடையைச் சாத்த வேண்டியதுதான், எம்.டி.யே சொல்லிட்டாரு. கோகிலவாணி படத்தைக் கொண்டாந்து குடுத்துட்டு, “சார், இந்தத் தடவை அவங்களே கவுத்திக் குடுத்திருக்காங்களாம். ஜோஷ்வா சார் சொல்லச் சொன்னாருங்க சார்”ன்னுச்சு.

நான் நம்பலீங்க. நீங்களே சொல்லுங்க, இத்தனை நாள் செய்யாத மனுசன் இன்னைக்கு மட்டும் எதுக்குச் செய்யறான்? என்னை மாட்டி விடறதுக்குத்தான்னு நினைச்சேன். “அவரு சொல்லுவாரு. நீ எப்பவும் போல திருப்பு”ன்னேன்.

அது நின்னுச்சு. “சார், ஒரே ஒரு போன் பண்ணிக் கேட்டுருங்களேன் சார். நான் படத்தைப் பாத்த வரைக்கும் கவுந்துதான் இருக்கற மாதிரி தெரியுது”ன்னுச்சு.

“நீ எனக்கு வேலை செய்யறியா, அவருக்கு வேலை செய்யறியா?”

“உங்களுக்குத்தான் சார்.”

“அப்பத் திருப்பு.”

“சரிங்க சார்”னு போயித் திருப்பிருச்சு.

என்னங்க கண்டக்டரு, டிக்கெட்டு எடுத்தாச்சுங்க. ரெண்டு பேரும் எடுத்தாச்சு.

எங்க விட்டேன்? ஆங். தட்டெல்லாம் செஞ்சு, துண்டெல்லாம் உக்கார வெச்சு, ஜப்பானுக்கு அனுப்பியாச்சு. அவங்க கரண்டு குடுத்துப் பாத்திருக்காங்க. ஒண்ணு கூட உசுரோட இல்லை. மொத்த லாட்டும் செத்த பொணம். அன்னைக்கு ராத்திரி நான் சோறு திங்கலீங்க.

மறு நாள் எம்.டி. ரூமுல அஞ்சு பேரும் உக்காந்தோம். எம்.டி. மூஞ்சியில ஈ ஆடல. “யாரு ரெண்டாவது தடவை திருப்புனது?”ன்னு கேட்டாரு. நான் ஜோஷ்வாவைப் பாத்தேன், ஜோஷ்வா என்னைப் பாத்தாரு. அவருக்குத் தெரியுமுங்க, எழுத்துல ஒண்ணும் குடுக்காம ஒரு பொண்ணு வாய் வழியாச் சொல்லி அனுப்புனோம்னு. எனக்குத் தெரியும், நான் என்ன பண்ணுனேன்னு. நான் சொன்னேன், “என் செக்‌ஷன்ல, கோகிலவாணிங்க சார். அவதான் திருப்புனது”ன்னு.

பொய்யிங்களா அது? அவதானே திருப்புனா? அவ கைதானே பட்டுச்சு? ஒரு வார்த்தை பொய் இல்லீங்க.

ஜோஷ்வா ஒடனே, “பாவம், அனுபவம் பத்தாது”ன்னாரு. மேடம், “நோட்டீஸ் குடுத்துரலாம்”னாங்க. கணக்குப் பாக்கறவரு தலையாட்டுனாரு. டீ ஆறல, அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அந்தப் போட்டோ எடுத்ததுக்கு அப்புறம் முதல் தடவையா நாங்க அஞ்சு பேரும் ஒத்துப்போனது அன்னைக்குத்தானுங்க. வெளிய வரும்போது ஜோஷ்வா எங்கையைப் புடிச்சுக் குலுக்குனாரு. நானும் குலுக்குனேன். மனசுக்கு லேசா இருந்துச்சுன்னு கூடச் சொல்லுவேன். பேச்சு வந்துருச்சுல்லீங்க எங்களுக்குள்ள.

அந்தப் பொண்ணு ஒண்ணும் கேக்கலீங்க. மேசையைக் காலி பண்ணிட்டு எங்கிட்ட வந்து, “போயிட்டு வரேன் சார்”னுச்சு. சத்தம் போட்டிருந்தா, அழுதிருந்தா, நான் ஏதாவது செஞ்சிருப்பேன். செஞ்சிருப்பேன்னுதான் நினைக்கறேன்.

அப்புறம் ஜப்பான்காரங்ககிட்ட இருந்து பதில் வந்துச்சு பாருங்க. ஒரு புதுப் பொண்ணு தெரியாமப் பண்ணிட்டா, நீக்கியாச்சுன்னு நாங்க எழுதியிருந்தோம். அவங்க சந்தோசப்படுவாங்கன்னு நினைச்சோம். அவங்க என்ன சொல்லிட்டாங்க தெரியுங்களா? “யாரையும் எதுக்கு நீக்குனீங்க? எங்களுக்கு ஆளு முக்கியம் இல்லை, எப்படி நடந்துச்சுங்கறது முக்கியம். நாங்க திங்கக்கிழமை வர்றோம். அந்தப் பொண்ணே எங்க முன்னாடி நின்னு, ஆரம்பத்துல இருந்து ஒவ்வொண்ணாச் சொல்லட்டும். அதைக் கேட்டுட்டுத்தான் அடுத்த ஆர்டர்.” அவங்க ஊர்ல அப்படித்தானாம். தப்பு நடந்தா தப்புப் பண்ணுனவங்களே வந்து நிதானமா விளக்கணுமாம், மத்தவங்க குறிப்பு எடுத்துக்குவாங்களாம். நாங்க கண்டமா?

யாரு போயிக் கூப்பிடறதுன்னு பேச்சு வந்துச்சு. எம்.டி. போனா பெருசாயிருமாம். மேடம் போனா சட்டப் பிரச்சனை ஆயிருமாம். கணக்குப் பாக்கறவருக்கு ஆடிட்டு. ஜோஷ்வா, “உங்க செக்‌ஷன் பொண்ணுதானே, நீங்க போறதுதான் முறை”ன்னாரு. ஒரே குழுங்க! ஒரே பொறுப்பு! கம்பெனிக் காரை எடுத்துட்டு வந்தா டிரைவரு ஊரெல்லாம் சொல்லிருவான். என் வண்டியை எடுத்தா வீட்டுல எங்க போறீங்கம்பா. அதனாலதான் இந்தப் பஸ்ஸு.

அட்ரஸை வெச்சுத் தேடிப் போனா, வீடு இல்லீங்க, மாவு மில்லு. அடிவாரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ஒரு சந்துக்குள்ள. வெளிய பொம்பளைங்க தூக்குப்போசியும் பையும் வெச்சுட்டு வரிசையில நிக்கறாங்க. உள்ள மெஷின் ஓடுது, காதுல ஒண்ணும் விழாது. நான் எட்டிப் பாத்தேன். கல்லாப் பக்கம் ஒரு அம்மா, மெஷினை நிறுத்திட்டு, “ஏனுங்ணா, கம்புங்களா, சோளமுங்களா?”ன்னாங்க.

கோட்டுப் போட்டுட்டுப் போயிருக்கேன். கம்பா சோளமான்னு கேக்கறாங்க. எனக்கு அவமானமாப் போச்சுங்க. இருவத்தஞ்சு வருச சர்வீஸு.

அப்பத்தான் மூட்டைக்குப் பின்னால இருந்து கோகிலவாணி எந்திரிச்சு வந்துச்சு. தலையில துண்டு கட்டி, புருவம் கண்ணிமை எல்லாம் வெள்ளை. ஒரு நிமிசம் எனக்கே அடையாளம் தெரியல. அதுக்குத் தெரிஞ்சுச்சு. “வாங்க சார்!”னு துண்டை அவுத்து ஒரு சேரைத் துடைச்சுப் போட்டுச்சு. அந்தத் துண்டுல இருந்த மாவெல்லாம் சேர்லதான். நான் எப்படி உக்கார மாட்டேன்னு சொல்றது?

“அம்மா, எங்க சாரும்மா. சென்னியப்பன் சார்.”

அந்த அம்மா மயிலாத்தாளோ என்னமோ பேரு. கையெடுத்துக் கும்பிட்டாங்க. “நீங்களா சாமி! உங்களைப் பத்திச் சொல்லாத நாளே கெடையாதுங்க. தொழிலு கத்துக் குடுத்ததே நீங்கதான்னு சொல்லும். கேட்டதும் இத்தனை நாளு லீவு குடுத்திருக்கீங்க. யாரு குடுப்பாங்க? எனக்கு மூட்டுவலி, தனியா மில்லு ஓட்ட முடியலைன்னு அது வந்து நின்னுக்கிட்டுது. நீங்க நல்லா இருக்கோணும்.”

லீவுங்க. லீவுன்னு சொல்லி வெச்சிருக்குது, வீட்டுல. வேலையை விட்டு நிறுத்துனதைச் சொல்லல.

நான் கோகிலவாணியைப் பாத்தேன். அது தரையைப் பாத்துட்டு நின்னுச்சு. அந்த நிமிசம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டீங்க. பூமியில ஒரு ஓட்டை இருந்தா உள்ள போயிருவேன். அந்த அம்மா கும்பிட்ட கையை எறக்கவே இல்லீங்க. நான் “அதனால என்னங்க, பரவால்லீங்க”ன்னேன். ஆமாங்க, பரவால்லைன்னுதான் சொன்னேன். லீவு குடுத்தவன் மாதிரி.

வரிசையில நின்ன பொம்பளை ஒருத்தி, “ஏம்புள்ள, என்னுதை அரைச்சுப் போடு, அடுப்புல ஒலை கெடக்குது”ன்னு கத்துனா. அந்த அம்மா மறுபடியும் சுவிச்சைப் போட்டாங்க. மெஷின் ஓட ஆரம்பிச்சுது. கோகிலவாணி எனக்குப் பக்கத்துல நின்னு, கையால மாவைத் தள்ளி விட்டுட்டு இருந்துச்சு. காதே அடைச்சுப் போச்சு.

அப்ப நான் சொன்னனுங்க. வாயைத் திறந்து, நல்ல தமிழ்ல, “கோகிலவாணி, தப்பு என்னுது. நான் சொல்லித்தான் நீ செஞ்சே. என்னை மன்னிச்சுரு”ன்னேன். முழுசாச் சொன்னேன், ஒரு வார்த்தை விடல.

கேட்டிருக்காது. எப்படிக் கேக்கும்? ஆனா சொன்னது சொன்னதுதானுங்களே? சாமிகிட்டச் சொல்றோம், அது என்ன திருப்பிப் பேசுதா? சொன்னமா இல்லையான்னுதானே பாக்கணும்.

எதுக்குங்க ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க?

என் வாய் அசைஞ்சதை அது பாத்துருச்சு. சட்டுனு போயி மெஷினை நிறுத்திருச்சுங்க. அம்மாகாரி, வரிசையில நின்னவங்க எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. அப்படி ஒரு அமைதி. “என்ன சார் சொன்னீங்க? கேக்கல”ன்னுச்சு.

நான் அந்தப் பொம்பளைங்களைப் பாத்தேன். அந்த அம்மாவைப் பாத்தேன். “ஒண்ணும் இல்லம்மா. திங்கக்கிழமை வர முடியுமான்னு கேட்டேன்”னேன்.

அதுதானுங்க. அந்த இடந்தான். மலை மேல இருக்கற முருகன் சாட்சியாச் சொல்றேன், நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. திரும்ப உள்ள போயிருச்சு. இன்னும் அங்கயேதான் இருக்குது.

அப்புறம் அது என்னை வெளிய வேப்ப மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போச்சு. டம்ளர்ல மோரு கொண்டாந்து குடுத்துச்சு. நான் ஜப்பான்காரங்க விசயத்தைச் சொன்னேன். அதுக்கு மூஞ்சி மாறுச்சுங்க, பிரகாசமாயிருச்சு. “எப்படி நடந்துச்சுன்னு கேக்கறாங்களா சார்? யாருன்னு கேக்கலையா?”ன்னுச்சு. “ஆமா”ன்னேன்.

“வந்து நான் என்ன சார் சொல்லணும்?”

“நடந்ததைச் சொல்லு. நீ என்ன செஞ்சியோ, அதை மட்டும் சொன்னாப் போதும்.”

நான் மோரு குடிச்சு முடிக்கற வரைக்கும் பாத்துட்டு இருந்துட்டு, “நான் செஞ்சதை நான் சொல்றேன் சார். நீங்க சொன்னதை யாரு சார் சொல்லுவாங்க?”ன்னுச்சு.

மரியாதைக் குறைவா இல்லீங்க. எங்கிட்டப் பாடம் கேக்கும்ல, வேலைக்கு வந்த புதுசுல, அதே குரல்ல கேட்டுச்சு.

“நான் வர்றேன் சார். பெரிய ஆர்டரு, கேண்டீன் அண்ணன் மொதக்கொண்டு இருநூறு பேரு பொழைக்கறாங்க. வரலைன்னா பாவம். ஆனா முதல்ல நீங்க எந்திரிச்சு, ‘நான் திருப்பச் சொன்னேன், ஏன்னா நானும் ஜோஷ்வாவும் பேசிக்கறதில்லை’ன்னு அந்த ஒண்ணைச் சொல்லிருங்க. அதுக்கு அப்புறம் நான் எந்திரிச்சு எப்படித் திருப்புனேன்னு சொல்றேன். அதில்லாம நான் மட்டும் சொன்னா, அவங்களுக்கு எப்படி நடந்துச்சுன்னே தெரியாது சார். மறுபடியும் நடக்கும்.”

எனக்காகப் பேசலீங்க அது. தனக்காகவும் பேசல. மறுபடியும் நடக்கும்னு கவலைப்படுது. வேலை போயி மாவு மில்லுல நிக்கற பொண்ணு.

நான் “பாக்கலாம்மா”ன்னேன். “பாக்கலாம்னா?”ன்னு அது கேக்கல. தலையை ஆட்டிட்டு, “நைட்டுக்குள்ள ஒரு போன் பண்ணுங்க சார். நாளைக்கு ஞாயித்துக்கெழம, பஸ்ஸு கூட்டமா இருக்கும். வர்றதா இருந்தா காத்தால கெளம்பிருவேன்”னுச்சு. கெளம்பும்போது அந்த அம்மா ஓடி வந்து ஒரு பை நெறையாக் கம்பு மாவு குடுத்தாங்க, வீட்டுக்கு. நான் அதை பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலயே வெச்சுட்டு வந்துட்டேன். மறக்கலீங்க, வெச்சுட்டுத்தான் வந்தேன். வீட்டுக்குக் கொண்டு போனா ஏதுன்னு கேப்பாங்க.

இது எந்த ஊருங்க, உடுமலையா? பரவால்ல, வேகமாத்தான் போறான்.

என்னங்க கேட்டீங்க? நானு எந்திரிச்சுச் சொல்லுவனான்னா? சொல்லணுமுங்க. சொல்லத்தான் வேணும். இத்தனை நேரமா உங்ககிட்டச் சொன்னேன், முன்னப் பின்னத் தெரியாத உங்ககிட்ட. எவ்வளவு சுலபமா வருது பாருங்க! இதையேதானே அங்கயும் சொல்லணும், ரெண்டே வரி. “நான் திருப்பச் சொன்னேன். நானும் ஜோஷ்வாவும் பேசிக்கறதில்லை.” பாருங்க, வந்துருச்சு. கஷ்டமே இல்லை. எம்.டி.க்குக் கோவம் வரும், வரட்டும். போட்டோவை எடுத்துருவாங்க, எடுக்கட்டும். சம்பந்தி கேப்பாரு. அவருக்கு என்ன சொல்றது? அதையும் ஏதாச்சும் சொல்லிக்கலாம். அந்தப் பொண்ணு திரும்ப அது மேசையில வந்து உக்காந்தாப் போதுமுங்க எனக்கு. அந்த அம்மா கும்பிட்ட கையை நினைச்சா எனக்கு இப்பவும் ஒடம்பெல்லாம் கூசுது. மனுசனாப் பொறந்தா இதைக் கூடச் செய்யலைன்னா எப்படிங்க? கோயமுத்தூர்ல எறங்குன உடனே முதல் வேலையா எம்.டி. வீட்டுக்கே போயிடறேன், நேரா. நீங்க கேட்டதும் நல்லதாப் போச்சு.

ஒரு நிமிசமுங்க, போன் அடிக்குது.

அவருதானுங்க. எம்.டி.தான்.

வணக்கம் சார். ஆமாங்க சார். பஸ்லதானுங்க சார், வந்துட்டு இருக்கேன். ஆமாங்க, கேக்குதுங்க, சொல்லுங்க. ஜோஷ்வாவும் அங்க இருக்காருங்களா? சரிங்க. ஸ்பீக்கர்லங்களா, சரிங்க, சரிங்க. அஞ்சு பேரும்… ஆமா, நாலு பேரும் இருக்கீங்க. வணக்கமுங்க எல்லாருக்கும்.

போனேனுங்க சார். போயிட்டுத்தான் வர்றேன்.

இல்லீங்க சார். வீடு பூட்டியிருந்துச்சுங்க.

அக்கம்பக்கத்துல விசாரிச்சேனுங்க. அம்மாவும் பொண்ணும் ஊரை விட்டே போயிட்டாங்களாம். எங்கன்னு யாருக்கும் தெரியலைங்களாம். ஆமாங்க சார், நம்பர் கூட மாத்தியிருக்கும். நானும் ரொம்ப நேரம் நின்னு பாத்தேனுங்க. ஆமாங்க. ஆளைக் கண்டுபிடிக்க முடியலைன்னு எழுதிரலாமுங்க. இல்லீங்க சார், இதுல என்ன சிரமம், கம்பெனிக்காகத்தானே. ஜோஷ்வா சார், நான் வந்து உங்ககிட்டப் பேசிக்கறனுங்க. வெச்சுரட்டுங்களா.

என்னங்க?

எதுக்குங்க எந்திரிக்கறீங்க? வெயில் அடிக்குதுங்களா? நான் வேணா ஜன்னல் பக்கம் வந்துக்கறனுங்க, நீங்க இந்தப் பக்கம் மாறிக்குங்க. முன்னாடி சீட்டுலயும் இதே வெயில்தானுங்க.

இல்லீங்க, நான் வந்து… ஸ்பீக்கர்ல போட்டுட்டாங்கங்க. நாலு பேரும் கேட்டுட்டு இருந்தாங்க. நாலு பேரு முன்னாடி எப்படிங்க…

சரிங்க. உக்காருங்க அங்கயே. நல்லா உக்காருங்க.